அண்டாவில் கரைத்த கடல்

மழை பெய்த நாலு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற பாலம், வெயில் எட்டிப் பார்த்த ஐந்தாம் நாள் காலையில், இனி என்னால் ஆகாது என்று நடுவில் உட்கார்ந்துவிட்டது. நாட்டு எல்லைப் பக்கமிருந்து வந்த பஸ் பள்ளிக்கூடத்து வாசலோடு நின்றது. டிரைவர் இறங்கிப் போய்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். உள்ளூர்க்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் நின்றது இரண்டு பேர், அவர்கள் முதுகில் இரண்டு பெரிய பைகள்.

சமையலக்கா அப்போது பள்ளிக்கூடத்து அடுப்படியில் நனைந்த விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அறுபத்தொரு பிள்ளைகளுக்குப் பன்னிரண்டரைக்குச் சோறு விழுந்தாக வேண்டும். ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண் இரண்டும் சிவந்து போயிருந்த நேரத்தில் மகள் ஓடிவந்தாள்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்கம்மா! ஒருத்தர் கதவை விட உசரம். இன்னொருத்தங்க பைக்குள்ளேயே அவங்க படுத்துக்கலாம்!"

மகளுக்குக் கொசு என்று பள்ளிக்கூடம் பெயர் வைத்திருந்தது. ஒன்பது வயதுக்கு உருவம் சின்னது, ஆனால் காதருகே வந்துவிட்டால் லேசில் விடாது. வந்தவர்களுக்கும் அவளே பெயர் வைத்தாள். நெடியவன் ஏணி. அவனோடு வந்த பெண் மூட்டை. சாயங்காலத்துக்குள் பெரிய சார்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இருவரும் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். மூட்டை இந்தப் பாஷையைப் புத்தகத்தில் படித்தவள். வராந்தாவில் நின்று கைகூப்பி, "ஐயா, பாலம் சரியாகும் வரை நாங்கள் இங்கே தங்கலாமா? பதிலுக்கு ஏதேனும் பணி செய்கிறோம்," என்றாள். அறுபத்தொரு பிள்ளைகளும் குபீரென்று சிரித்தார்கள்.

"பாடப்புத்தகம் நடந்து வருதும்மா," என்றாள் கொசு, அடுப்படி வாசலில் வந்து நின்று.

பெரிய சார் என்பது தலைமையாசிரியர். அவருக்குக் கீழே ஒரே ஒரு டீச்சர், அவரும் பிரசவ லீவில். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ஆறு வருஷமாக எழுதிப் போட்டு, பதில் வராமல், எழுதுகிற ஆசையே விட்டுப்போன மனிதர். பணி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தங்கலாமே. தாராளமா தங்கலாம். சுண்ணாம்பு அடிக்கத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் கற்றுக்கொண்டார்கள். ஏணிக்கு ஏணி வேண்டியிருக்கவில்லை. பெஞ்சின் மேல் நின்றால் கூரை கைக்கு எட்டியது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவதற்குள் இருவருக்கும் தலைமுடி நரைத்துப்போயிற்று. முதல் நாள் சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றியதும் அது பொங்கிக் கொதித்ததைக் கண்டு மூட்டை நாலடி துள்ளி விழுந்ததை, பிள்ளைகள் ஒரு வாரம் நடித்துக் காட்டினார்கள். சமையலக்கா தன் பங்குக்கு, இருவருக்கும் சேர்த்து இரண்டு கரண்டி அதிகமாகப் பருப்பு போட்டாள். அவர்கள் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கழுவி அடுக்கினார்கள். அதிலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஊரெல்லாம் சுற்றுகிறவர்கள் என்பது இன்னொரு காரணம். அவள் புருஷன் கப்பலில் இருந்தான்.

கப்பலில் சமையல்காரன். போய் நாலு வருஷம் ஆகிறது. ஊரில் அவளைப் பேருக்குச் சமையலக்கா என்றாலும், முதுகுக்குப் பின்னால் கப்பல்காரர் வீடு என்றுதான் சொல்வார்கள். இந்த நாலு வருஷத்தில் எட்டுக் கடிதம் வந்திருந்தது. குண்டு தொலைந்துபோன பழைய பிரஷர் குக்கருக்குள் அவற்றை மூடி வைத்திருந்தாள். எலிக்கும் கரையானுக்கும் வாய் எட்டாத இடம் அந்த வீட்டில் அது ஒன்றுதான். கடைசிக் கடிதத்தில் அவன் எழுதியிருந்தது அவளுக்கு மனப்பாடம். 'ரொம்ப தூரத்தில் இருக்கிறேன். கிளம்பினாலும் கடலைத் தாண்டி வர ஒரு மாசம் ஆகும். கம்பெனி விலாசம் மாறிவிட்டது, புது விலாசம் பிறகு எழுதுகிறேன், அதுவரை பதில் போட வேண்டாம்.' அது வந்து ஏழு மாசம் ஆயிற்று.

எந்த நாளில் வந்து நிற்பானோ தெரியாது. கப்பல்காரன் சொல்லிக்கொண்டு வரமாட்டான், முன்னே முதல் கப்பலிலிருந்து திரும்பியபோதும் அப்படித்தான் சொல்லாமல் வந்து நின்றான். அன்றைக்கு வீட்டில் ஒரு பருக்கை இல்லை. பசியோடு வந்தவன் அவள் மறுபடி உலை வைத்து வடிக்கிற வரை வாசற்படியில் தூங்கி வழிந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து தினம் சாயங்காலம் மூன்று படி அளப்பாள். கையடக்கமான சின்னத் தகரப் படி. தனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, வருகிறவனுக்கு ஒன்று. மூன்றாவது படிச் சோறு மறுநாள் காலையில் தண்ணீரிலிருந்து எழுந்து இருவர் வயிற்றுக்கும் போகும். நாலு வருஷமாகப் புருஷனுக்கு வைத்த சோற்றைத்தான் அம்மாவும் மகளும் காலையில் சாப்பிட்டார்கள்.

அவளுடைய அண்ணன் டவுனில் லேத் பட்டறை வைத்திருந்தான். போன மாதம் பைக்கில் வந்து, நின்றபடியே பேசினான்.

"மாடில ரூம் காலியா இருக்கு. கொசுவுக்குப் பக்கத்துலயே பெரிய ஸ்கூல். உனக்கு அங்க ஒரு ஹாஸ்டல்ல சமையல் வேலை பேசி வச்சிருக்கேன். அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வேன் எடுத்துட்டு வர்றேன். சாமானைக் கட்டி வை."

"அவர் வந்தா?"

"வந்தா பக்கத்து வீட்ல சொல்லுவாங்க, டவுனுக்கு வரட்டும்."

"பூட்டின வீட்டு வாசல்லயா வந்து நிக்கணும்?"

"நாலு வருஷமா தொறந்து வச்சிருந்தியே, வந்தானா?"

அவள் டீ போட உள்ளே போனாள். அண்ணன் டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான். அவன் சொன்ன ஞாயிறு வருவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தபோதுதான் பாலம் இடிந்தது. பாலம் இல்லாவிட்டால் வேன் வராது என்று அவளுக்கு அற்ப சந்தோஷம். டவுனும் தன் வீடும் ஓடைக்கு இந்தப் பக்கமே, எல்லைப் பக்கத்தில் இருப்பது ஒரு நிமிஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. வேனுக்குப் பாலமே வேண்டாம்.

வெள்ளையடித்து முடிந்ததும் வகுப்பறையின் நீளச் சுவர் வெறிச்சோடிக் கிடப்பதாக ஏணிக்குத் தோன்றியது. உலக வரைபடம் வரைகிறேன் என்றான். நூலில் கரித்தூளைத் தடவி, ஆளுக்கொரு முனை பிடித்து, நடுவில் இழுத்து விட்டார்கள். டப்பென்று ஒரு கோடு விழுந்தது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை நூலைச் சுண்டினார்கள். சுவர் முழுக்கக் கட்டம் விழுந்ததும், சின்னப் புத்தகத்திலிருந்த உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கினான் ஏணி. நாடுகளுக்கு மண் நிறம் பூசினான். கதவுக்கு அடித்த பச்சையில் மிச்சம் இருந்ததைக் காடுகளுக்குப் போட்டான். கடலுக்குத்தான் ஒன்றுமில்லை. அக்கரைக் கடைக்குப் போய் வந்த பெரிய சார் கையை விரித்தார்.

"சுண்ணாம்புல துணிக்குப் போடற நீலத்தைக் கரைச்சா ஆச்சு," என்றாள் சமையலக்கா, வாசலில் நின்றபடி. "என் வீட்டுச் சுவருக்கு அதான் அடிச்சிருக்கேன்."

ஓட்டையாகி ஓரமாகக் கிடந்த அண்டாவின் அடியை மைதாப் பசையும் துணியும் வைத்து அடைத்தாள். பத்து பாக்கெட் நீலத்தைக் கொட்டி, சுண்ணாம்பு ஊற்றி, பெரிய கரண்டியால் கலக்கினாள். முதலில் வானம் மாதிரி வந்தது. இன்னும் மூன்று பாக்கெட் போட்டாள். கரண்டி சுற்றச் சுற்ற நிறம் இறங்கி ஆழமானது. இவ்வளவு நாளும் அவள் கடலைப் பார்த்ததில்லை. புருஷனைக் கேட்டபோது, "என்னத்த, ஒரே தண்ணி," என்று சொல்லி முடித்துவிட்டான். எத்தனை நீலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அண்டாவுக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் இருக்கிற இடத்தைத் தன் கையால் கலக்குகிறோம் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"அக்கா, மிகவும் அழகான கடல்," என்றாள் மூட்டை.

"நல்லா காய்ஞ்சா இன்னும் கொஞ்சம் வெளுக்கும். பரவால்லையா?"

"பரவால்லை," என்றாள் மூட்டை. அந்த ஒரு வார்த்தையைப் பிள்ளைகள் அவளுக்குச் சரியாகப் பழக்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூட்டை ஒரு விளையாட்டு வைத்தாள். ஒவ்வொரு பிள்ளையும் தன்னைச் சேர்ந்தவர் ஒருவர் இருக்கிற ஊரின் பெயரைக் கொண்டு வர வேண்டும். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. வந்த பெயர்கள் எல்லாம் மாமா ஊர், அத்தை ஊர், அண்ணன் வேலை செய்கிற டவுன். உலகம் அத்தனை பெரிதாக விரிந்து கிடக்க, பொட்டுகள் எல்லாம் ஒரே கட்டை விரல் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டன. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்போது கொசு குக்கரைத் தூக்க மாட்டாமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

சமையலக்கா கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். கடிதத்தைப் பிரிக்கக் கூடாது, கவரை மட்டும் பார்க்கலாம் என்று வீட்டிலேயே கண்டிஷன் போட்டிருந்தாள்.

மூட்டை கவர்களைத் தேதி வாரியாக அடுக்கினாள். முத்திரையில் இருந்த ஊரைப் படித்து, புத்தகத்தில் பார்த்து, ஏணியிடம் சொன்னாள். ஏணி பெஞ்சில் ஏறி முதல் பொட்டை வைத்தான். சுவரின் அந்தக் கோடி! பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். இரண்டாவது, குனிந்து தரைக்குப் பக்கத்தில். மூன்றாவது, கூரைக்குப் பக்கத்தில். "அங்கெல்லாம் ஐஸா இருக்கும்," என்றார் பெரிய சார். நாலு, ஐந்து. சமையலக்காவுக்கு நெஞ்சு விம்மியது. என் வீட்டுக்காரர் எங்கெல்லாம் போயிருக்கார் பார் என்று சொல்லத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். கொசு காகிதத்தில் ஒரு கப்பல் செய்து வைத்திருந்தாள். பொட்டிலிருந்து பொட்டுக்கு, அம்மா கரைத்த நீலத்தின் மேல், அதை ஓட்டிக்கொண்டே போனாள்.

ஆறாவது கவரை எடுத்த மூட்டை நின்றாள். ஏழாவதைப் பார்த்தாள், எட்டாவதைப் பார்த்தாள். பிறகு ஏணியைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை சமையலக்காவின் கண்ணில் பட்டது. காரணம் தெரியாமலேயே அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"இவற்றில் முத்திரை தெளிவாக இல்லை," என்றாள் மூட்டை. "இத்துடன் போதும்."

"இல்லக்கா, தெளிவாத்தான் இருக்கு," என்றாள் கொசு. எட்டிக் கவரை வாங்கி எழுத்துக் கூட்டி ஊரின் பெயரை உரக்கப் படித்தாள். "மூணுலயும் அதே ஊர்தான். பாருங்க, மூணுலயும் அதே ஸ்டாம்பு, கொக்குப் படம்."

அந்தக் கொக்கைச் சமையலக்காவுக்கும் தெரியும். அடுப்படிக்குப் பின்னால் வாய்க்காலில் நிற்கிற கொக்கு மாதிரியே இருந்தாலும், வெளிநாட்டு ஸ்டாம்பில் இருப்பதால் அது வெளிநாட்டுக் கொக்கு என்று நினைத்திருந்தாள்.

புத்தகத்தில் தேடுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு மூன்று நாளாகச் சொல்லிக் கொடுத்தவளே மூட்டைதான். கொசு தேடினாள். விரலை வைத்தாள். பிறகு சுவருக்கு ஓடி, கட்டத்தை எண்ணி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். எல்லைக் கோட்டைத் தாண்டி, கடலோரத்தில். மாமா ஊரும் அத்தை ஊரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கட்டை விரலுக்குப் பக்கத்தில், சுண்டு விரல் இடைவெளியில்.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு மற்ற பொட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கொசு குதித்தாள்.

"அம்மா! அப்பா பக்கத்துல வந்துட்டாரும்மா! பாரும்மா, எவ்ளோ தூரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா பக்கத்துல வந்து, இங்கேயே இருக்காரு பாரு!"

பிள்ளைகள் கை தட்டினார்கள். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஏணி பெஞ்சிலிருந்து இறங்கிச் சுவரையே பார்த்து நின்றான். சமையலக்கா கொசுவின் தலையில் கை வைத்தாள். "ஆமாடி, பக்கத்துலதான்," என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

மூட்டை பின்னாலேயே வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னை மன்னிக்க வேண்டும்."

"நீ என்னம்மா பண்ணே?" சமையலக்கா கழுவின கரண்டியை எடுத்து மறுபடி கழுவினாள். "அந்த ஊரு உனக்குத் தெரியுமா?"

"நாங்கள் அங்கிருந்துதான் வந்தோம்."

"எவ்ளோ நேரம் ஆச்சு?"

மூட்டை சொல்ல விரும்பவில்லை. ஆனால் பொய் சொல்லுகிற அளவுக்கு அவளுக்கு அந்தப் பாஷை வரவில்லை. "ஒன்பது மணி நேரம். இரண்டு பேருந்து."

ஒன்பது மணி நேரம். காலையில் ஏறினால் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடலாம். முதல் கொக்குக் கடிதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒன்றரை வருஷமாக அவன் கப்பலில் இல்லை, கரையில் இருந்தான். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் கடலைத் தாண்டி ஒரு மாசம் என்று எழுதியிருக்கிறான்.

"கப்பல்காரர்களை வெளியே விடமாட்டார்கள், சில துறைமுகங்களில்," என்றாள் மூட்டை மெதுவாக.

"ஒன்றரை வருஷமாவா?"

மூட்டை தலையைக் குனிந்துகொண்டாள். வாய்க்காலில் கொக்கு ஒரு காலை மடக்கிக்கொண்டு நின்றது. மேற்கே மறுபடி மேகம் கூடிக்கொண்டிருந்தது.

"அங்க மழை உண்டா?" என்று கேட்டாள் சமையலக்கா.

"உண்டு. நாங்கள் புறப்பட்ட போது கடுமையான மழை. மேகம் அங்கிருந்துதான் இங்கே வருகிறது. அங்கே பெய்துவிட்டு, மறுநாள் இங்கே."

கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. இந்த நாலு வருஷத்தில் ஒவ்வொரு மழைக்கும், அவர் இருக்கிற இடத்தில் இப்போது வெயிலோ பனியோ என்று யோசித்திருக்கிறாள். போன வருஷம் கூரை ஒழுகிய இரவு கொசுவை மடியில் போட்டுக்கொண்டு, அவராவது நனையாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவனை நனைத்துவிட்டு வந்த மழைதான் அது. நல்லவேளை, அழுததற்கு விறகுப் புகையைக் காரணம் சொல்லலாம் என்று முந்தானையைத் தேடியபோதுதான் அடுப்பு எரியவில்லை என்பது ஞாபகம் வந்தது. மூட்டை ஊதுகுழலை எடுத்து, எரியாத அடுப்பை ஒரு தடவை ஊதினாள். சாம்பல் பறந்து இரண்டு பேர் முகத்திலும் படிந்தது. சமையலக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

சனிக்கிழமை பாலத்தின் மேல் மரக்கட்டைகளைப் போட்டு, ஆள் நடந்து போக வழி செய்துவிட்டார்கள். அக்கரைக்கு பஸ் வந்து நின்றது. ஏணியும் மூட்டையும் பைகளைத் தூக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் லீவு நாளிலும் வந்து வரிசை கட்டி நின்றார்கள். ஏணி தயங்கித் தயங்கிச் சமையலக்காவிடம் வந்து, அந்தக் கடைசிப் பொட்டை அழித்துவிடட்டுமா என்று மூட்டை மூலம் கேட்டான். மண் நிறம் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தான்.

"வேணாம்பா. இருக்கட்டும்," என்றாள். "நான் படிச்சதே அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான். இந்தப் பள்ளிக்கூடத்துல நான் படிச்ச பெரிய பாடம் அதான்."

மூட்டை அவளைக் கட்டிக்கொண்டு, "போய்ட்டு வர்றேன்க்கா," என்றாள். புத்தகப் பேச்சு இல்லை. கொசு சொல்லிக் கொடுத்திருப்பாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை எண்ணிக் காத்திருப்பது தனக்கு என்ன புதுசா என்று நினைத்துக்கொண்டே, "பார்த்துப் போங்க," என்றாள் சமையலக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் வேனோடு வந்தான். வீட்டில் ஒரு சாமானும் கட்டியிருக்கவில்லை. கொசு வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"மாமா, நாங்க வரல. அப்பா பக்கத்துல வந்துட்டாரு. எங்க ஸ்கூல் மேப்புல இருக்கு!"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. சமையலக்கா கொசுவைத் தண்ணீர் பிடிக்க அனுப்பினாள். அண்ணனை வேனுக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஊரின் பெயரைச் சொன்னாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும்ல?"

அவன் வேன் டயரைக் காலால் தட்டினான். "போன வருஷமே காதுல விழுந்துச்சு. பட்டறைக்கு வர்ற லாரிக்காரர் பார்த்திருக்காரு. ஹார்பர் வாசல்ல சாப்பாட்டுக் கடை போட்டிருக்கானாம். உன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

"தனியாவா?"

 அண்ணன் டயரைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே இன்னொரு பெண் இருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது.

"சரி. சொல்லாத."

"நான் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன்கூட ஜென்மத்துக்கும் பேசியிருக்கமாட்டேன். செவுரு சொல்லுச்சு. செவுத்துமேல என்னத்தக் கோவப்படறது? அதுக்கு நீலம் கரைச்சதே நான்தான்."

"இப்பவாவது வா. இனி யாருக்காக இங்க உக்காந்திருக்கே?"

அவள் தெருவைப் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் ஒருநாள்கூட அந்தத் தெருவில் அவன் கால் படவில்லை. ஆனாலும் யாராவது முக்குத் திரும்பினால் அவள் கண் தானாக அங்கே போய்விடுகிறது. இப்போதும் போயிற்று. சைக்கிளில் பால்காரர்.

"கோவம் வருதுண்ணே. தூக்கம் வரல, அவ்ளோ கோவம். ஆனா அந்தாளு இப்ப வந்து அந்த முக்குல நின்னா, என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. சாப்பிட்டீங்களான்னு கேட்டாலும் கேட்டுடுவேன். அந்த லட்சணத்துல இருக்கேன். இதை உன் மாடிக்குத் தூக்கிட்டு வந்தா மட்டும் சரியாயிடுமா? இங்கன்னா அறுபத்தொரு தட்டு இருக்கு. நாளைக்குப் பன்னிரண்டரைக்கு யாரு போடறது? எனக்குச் சோறு ஆக்கணும்ண்ணே. சோறு ஆக்கினாதான் பொழுது போவும்."

"பொண்ணுக்கு என்ன சொல்லுவே?"

"உள்ளதைத்தான் சொல்லணும். எப்படின்னுதான் தெரியல."

 இந்தத் தடவை அண்ணன் டீயைக் குடித்தான். வெறும் வேனைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "ரூமை யாருக்கும் விடல, தெரிஞ்சுக்கோ," என்று கத்திவிட்டுப் போனான்.

சாயங்காலம் அவள் கொசுவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சாவி அவளிடம்தான் இருந்தது. வகுப்பறையில் சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை. காய்ந்த கடல் அவள் சொன்ன மாதிரி கொஞ்சம் வெளுத்திருந்தது. காகிதக் கப்பல் கடைசிப் பொட்டில் பசையால் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதை நீ ஒட்டினியா?"

"ஆமா. இனிமே நகராதுல்ல? நேரா வீட்டுக்குத்தான் வரணும்."

சமையலக்கா பெஞ்சில் உட்கார்ந்து மகளை எதிரில் நிறுத்திக்கொண்டாள். சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை.

"கொசு, அப்பா கப்பல்ல இல்ல. கப்பலை விட்டு இறங்கிட்டாரு. அந்த ஊர்லயே கடை வச்சிருக்காரு. ஒன்றரை வருஷமா அங்கதான் இருக்காரு."

"அப்ப பக்கத்துலதானே?"

"பக்கத்துலதான். ஒரே பகல். வரணும்னு நினைச்சிருந்தா வந்திருப்பாரு. வரல."

கொசு சுவரைப் பார்த்தாள். கையைத் தூக்கி, பள்ளிக்கூடத்துக்கும் பொட்டுக்கும் நடுவே சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. விரலை எடுக்காமலே கேட்டாள்.

"நாம போலாமா?"

"நான் போகமாட்டேன். நீ பெரியவளானதும் போகணும்னு தோணினா போய்ட்டு வா. வழி உனக்குத்தான் தெரியுமே."

 காதருகே வந்தால் விடாத பெண், வீடு வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்தாள். அழுதிருந்தால் தேவலை என்று சமையலக்காவுக்கு இருந்தது. தூறல் போட ஆரம்பித்தது. இருவருமே தலையில் எதையும் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள். அரிசிப் பானையைத் திறந்து தகரப் படியால் ஒன்று அளந்து சட்டியில் கொட்டினாள். இன்னொன்று அளந்தாள். கை பழக்கத்தில் மறுபடி பானைக்குள் போயிற்று. போன கையை வெறுமனே வெளியே எடுத்து, படியைக் கவிழ்த்துவிட்டுப் பானையை மூடினாள். மூடுகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த கொசு எழுந்து வந்தாள். சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு பானையின் மூடியைத் திறந்து, படியை நிமிர்த்தி, தலை தட்ட ஒரு படி அள்ளிச் சட்டியில் கொட்டினாள்.

"எதுக்குடி?"

"காலைல எனக்குப் பசிக்கும்ல?" என்றாள் கொசு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

 சமையலக்கா தண்ணீரை ஊற்றி மூன்று படி அரிசியையும் களைய ஆரம்பித்தாள்.